நாற்பத்தொன்றாவது கட்டம்

"அதை மட்டும் தொட்டுடாதம்மா! கையெடுத்துக் கும்பிடறேன்!"

சீனியர் நாற்காலியோடு உருண்டு வந்து மவுஸைப் பிடுங்கிக்கொண்டார். வேலைக்குப் புதிதாக வந்தவள் திடுக்கிட்டுப் போனாள்.

லிப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி அது. எந்த வேலை யாரிடம் இருக்கிறது, எது முடிந்தது என்று கண்காணிக்க ஒரு சாஃப்ட்வேர். அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் டிக் போடும் கட்டங்கள் நாற்பத்தொன்று. எல்லாவற்றுக்கும் பார்த்தவுடன் புரிகிற மாதிரி பெயரும் விளக்கமும் அடுத்த வெள்ளிக்குள் எழுதினால்தான் அவள் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். நாற்பதை முடித்துவிட்டாள்.

நாற்பத்தொன்றாவது கட்டத்தின் பெயர், 'இது வேணும்'. விளக்கம், 'புரியலைன்னா என்னைக் கேளுங்க'. 'என்னை' என்றால் யாரை என்று அந்தப் புண்ணியவான் எழுதவில்லை.

"இது என்னதாண்ணே செய்யுது?"

"யாருக்குத் தெரியும்? ஒரு தடவை யாரோ டிக்கை எடுத்தாங்க. அன்னிக்குத்தான் காபி மெஷின் வெடிச்சுது."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லேன்னு நிரூபி, பார்ப்போம்!"

பக்கத்து மேசை அக்கா தலையை நீட்டினாள். "எனக்குப் பல் விழுந்ததும் அன்னிக்குத்தான். தினமும் வந்ததும் டிக் இருக்கான்னு பார்த்துட்டுத்தான் பையையே கீழ வைப்பேன்."

முன்பு அந்த சாஃப்ட்வேரைப் பார்த்துக்கொண்டிருந்து வேலையை விட்டுப் போன பழைய ஆளின் நம்பரைத் தேடிப் பிடித்துப் புதியவள் போன் போட்டாள்.

"அது இன்னுமா இருக்கு?" என்றார் அவர்.

"இருக்கு சார். அது எதுக்கு?"

"நான் சேர்ந்தப்பவே இருந்துச்சும்மா. பேரு மட்டும்தான் நான் வச்சேன்."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திங்கள்கிழமை காலை, யாரும் வருவதற்கு முன் வந்து டிக்கை எடுத்துவிட்டாள். மத்தியானம்தான் விஷயத்தைச் சொன்னாள். சீனியர் காபி மெஷினைவிட்டுப் பத்தடி தள்ளி நின்றார். அக்கா பல்லுக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஒன்றும் ஆகவில்லை. செவ்வாயும் ஆகவில்லை, புதனும் ஆகவில்லை. அக்காவின் பல் கெட்டியாக இருந்தது. அது மட்டுமா? மூன்று நாளாகப் புதுப் புகார் ஒன்றுகூட இல்லை. மெக்கானிக்குகள் கேரம் ஆடினார்கள்.

"லிப்டுங்களுக்கே நல்ல புத்தி வந்துடுச்சு" என்றார் சீனியர்.

அவள் நிம்மதியாகப் பெயரை மாற்றினாள்: 'தேவையில்லாதது'. விளக்கமும் எழுதினாள்: 'இதை எடுத்தால் ஒன்றும் ஆகாது'.

வியாழக்கிழமை மேனேஜர் ஒரு கையில் கேக்கும் ஒரு கையில் கவருமாக வந்தார். முகமெல்லாம் பல்.

"பதினெட்டு வருஷத்துல மூணு நாள் சேர்ந்தாப்ல புகார் வராம இருந்ததே இல்லம்மா! நீ வந்த ராசி! இந்தா, உன் வேலை நிரந்தரம்!"

கவரை வாங்கும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"உட்காருங்க சார். ஏன் இப்படி நொண்டி நொண்டி நடக்கறீங்க?"

"அதை ஏம்மா கேக்கற? எங்க அபார்ட்மென்ட் லிப்ட் திங்கள்கிழமைலேருந்து ஓடல. டாக்டர்கிட்ட காட்டறதுக்கு மாமியாரை முதுகுல தூக்கிட்டுப் பதினோரு மாடி இறங்கினேன்."

"ஐயோ! அங்க யாரு சார் லிப்டைப் பார்த்துக்கறது?"

"நாமதாம்மா. மேனேஜர்னு சலுகை எடுத்துக்கக் கூடாதுன்னு, எல்லாரையும் மாதிரி நானும் நம்ம சாஃப்ட்வேர்லயே ஏழு தடவை புகார் பதிஞ்சேன். ஒருத்தனும் எட்டிப் பார்க்கல!"

கேக் வெட்டப் போன கத்தி அப்படியே நின்றது. எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். 'புதிய புகார்கள்: 0'.

அவள் கவரை ஓசைப்படாமல் மேனேஜர் முன்னாலேயே வைத்துவிட்டுப் போய் டிக்கைப் போட்டாள். அடுத்த நொடி திரை 'புதிய புகார்கள்: 216' என்றது.

நாற்பத்தொன்றாவது கட்டத்துக்கு அன்றுதான் சரியான பெயர் கிடைத்தது: 'புகார்களை உள்ளே விடு'.