இரண்டு நகல்

"கேக்க நாதியில்லேன்னு நெனச்சுட்டானா அந்தப் பிரின்சிபால்!"

வக்கீல் அனந்தராமன் போட்ட சத்தத்தில் மயிலாப்பூர் மாட வீதியே ஒரு நிமிஷம் நின்று கேட்டுவிட்டுப் போனது. கோபம் வந்தால் அவர் பூணூலில் முடிந்திருக்கும் பீரோ சாவியைப் பிடித்துத் திருகுவார். இன்று திருகிய திருகில் நூல் அறுந்து போகாதது ஆச்சரியம்தான்.

கோபத்துக்குக் காரணம் உண்டு. சனிக்கிழமை யாரோ கல்லூரி மணிக்கூண்டில் காங்கிரஸ் கொடியைக் கட்டிவிட்டார்கள். வெள்ளைக்காரன் ஆட்சியில் அது பெரிய குற்றம். திங்கட்கிழமை மூன்று மாணவர்களை நீக்கிவிட்டதாகப் பலகையில் காகிதம் ஒட்டிவிட்டது கல்லூரி. அதில் ஒருவன் அவர் பிள்ளை ஸ்ரீரங்கன். பி.ஏ. பரீட்சைக்கு இன்னும் பதினெட்டே நாள்.

"உன்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாளா?"

"இல்லப்பா. அன்னிக்கு முழுக்க நான் அடையாறுல அத்தை ஆத்துல இருந்தேன். அதைச் சொல்லப் போனா உள்ளயே விடலை."

"பாத்தியா பீரு, அக்கிரமத்தை!"

குமாஸ்தா பீர் முஹம்மது பேனாவை மையில் தொட்டுக்கொண்டு தயாராக இருந்தார். பதினாறு வருஷமாக இதே மேஜைதான். இந்த மாதக் கடைசியோடு சரி. கோட்டூர் நிலக் கேஸின் பத்திரம் பீரோவிலிருந்து காணாமல் போய்விட்டது. எதிர்த்தரப்புக்கு விற்றிருப்பார் என்று அனந்தராமன் அவரை வேலையிலிருந்து நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார். அதைக் கேள்விப்பட்ட வேறு எந்த வக்கீலும் இனி அவரை வாசற்படி ஏற்றப் போவதில்லை.

"எழுதிக்கோ. காலேஜுக்கு வக்கீல் நோட்டீஸ்."

முழங்கியதெல்லாம் இங்கிலீஷில்தான். தமிழில் சொன்னால் இவ்வளவு:

'சாட்சி யாரென்று காட்டவில்லை. அவன் பக்கத்து நியாயத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காமலே ஒருவன் வாழ்வில் மண்ணைப் போட உமக்கு எந்தச் சட்டம் அதிகாரம் கொடுத்தது? ஏழு நாளில் பதில் வராவிட்டால் ஹைகோர்ட்டில் சந்திப்போம்.'

"எப்படி இருக்கு?"

"ரொம்ப நல்லா கீதுங்க ஐயா."

"காலேஜுன்னா தனி ராஜ்யமா? சட்டம் வாசலுக்கு வெளியிலேயே நின்னுடுமா? ரெண்டு நகல் எடு, கையெழுத்துப் போடறேன்."

அரை மணியில் இரண்டு தாள்களும் மேஜைக்கு வந்தன. மேலே இருந்ததை எடுத்து ரசித்துப் படிக்க ஆரம்பித்தார் அனந்தராமன். மூன்றாம் வரியில் அவர் முகம் மாறியது.

வாசகம் அவருடையதுதான். ஆனால் கல்லூரியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'வக்கீல் அனந்தராமன், மயிலாப்பூர்' என்றிருந்தது. ஸ்ரீரங்கன் இருக்க வேண்டிய இடத்தில், 'குமாஸ்தா பீர் முஹம்மது'. அடியில் புதிதாக நாலு வரி:

'பத்திரம் காணாமல் போன அன்று அவர் லீவில் இருந்தார். கிண்டியில் தங்கை மகள் குல்சுமின் நிக்காஹ். பீரோவுக்கு ஒரே சாவி. அது அன்றைக்கு யாரிடம் இருந்தது?'

வக்கீலின் கை தானாகப் பூணூலுக்குப் போனது.

"என்ன இது, பீரு?"

ஸ்ரீரங்கன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பதினாறு வருஷத்தில் முதல் தடவையாகப் பீர் முஹம்மதுவின் குரல் உயர்ந்தது.

"மொதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க ஐயா. அப்பால அந்தக் காலேஜ் நோட்டீஸுல கையெழுத்துப் போடலாம்!"