காயாத நீலம்

சக்கரங்களைக் கழற்றிவிட்டு, சைக்கிளின் வெறும் சட்டத்தை முருங்கைமரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன்.

உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்கப் பழைய பச்சை தூளாகக் கொட்டியது. ஒரே ஒரு இடம் மட்டும் எனக்கு வேலை வைக்கவில்லை. சாய்ந்து இறங்கும் கம்பியின் இடது பக்கம், ஒரு சாண் நீளத்துக்கு, ஏற்கெனவே பெயிண்ட் போய் இரும்பு தெரிந்தது.

அங்கே தினமும் ஏதோ ஒன்று உரசுகிறது. அது இன்னொரு சைக்கிள் என்று நான் முடிவுகட்டி நாலு நாளாகிறது.

சைக்கிள் என் மனைவி தேவகியுடையது. விடிவதற்குள் ஏலத்தில் மீன் எடுத்து, காட்டூருக்கு ஓட்டிப்போய் விற்றுவிட்டு வருவாள். கோட்டைக்குப்பத்தில் சைக்கிள் ஓட்டுகிற பெண் அவள் ஒருத்திதான். கற்றுக்கொடுத்தது நான். ஊரே சிரித்தபோது மார்தட்டிக்கொண்டதும் நான். இப்போது வயிறெரிகிறவனும் நான்தான்.

முனியம்மா பஸ்ஸில் கூடை கொண்டுபோய் அதே காட்டூரில் விற்கிறவள். ஒன்பது மணிக்கெல்லாம் தேவகி விற்று முடித்துக் கிளம்பிவிடுகிறாள் என்று போகிற போக்கில் சொன்னாள். நான் கடலிலிருந்து வீடு வந்துசேர மதியமாகிவிடும். அப்போதும் தேவகி வியர்த்து வழிய நின்று, இப்போதுதான் வந்தேன் என்பாள்.

ஓட்டிவர ஒரு மணி நேரம் ஆனாலும், நடுவில் இரண்டு மணி நேரம் எங்கே போனது?

காட்டூரில் அவளிடம் முதல் மீன் வாங்குவது தருமலிங்கம். மூன்று ஏக்கர் நெல், வெள்ளை வேட்டி, படிய வாரிய தலை. அவனிடமும் ஒரு சைக்கிள் உண்டு. இரண்டு சைக்கிளும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதை எத்தனை தடவை மனசுக்குள் பார்த்தேனோ. வழியிலிருக்கும் பழைய டச்சுக்காரன் கல்லறை மதிலோரம்கூட நிறுத்திப் பார்த்துவிட்டேன். பகலில் அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது.

கேட்டிருக்கலாம். இல்லை என்பாள். நான் நம்பமாட்டேன்.

அதனால்தான் இந்த பெயிண்ட்.

படகின் உள்பக்கத்துக்கு அடித்து மிஞ்சிய நீலம். கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் என் படகின் அடியிலிருந்து சுறா எண்ணெய் டின்னையும் தூக்கிவந்திருந்தேன். கொட்டாங்குச்சியில் கொஞ்சம் நீலத்தை ஊற்றி, எண்ணெயைத் தாராளமாகக் கலந்தேன். படகுக்கு எண்ணெய் பூசுகிற எவனுக்கும் தெரியும், அது சேர்ந்தால் பெயிண்ட் லேசில் காயாது. பிசுபிசுவென்றே கிடக்கும். தொட்டவன் கையில் ஒட்டும், சாய்ந்த சைக்கிளிலும் ஒட்டும். நாற்றம் காட்டிக்கொடுக்குமோ என்ற பயம் இல்லை. எங்கள் வீட்டில் எதில்தான் மீன் நாற்றம் இல்லை?

தேவகி பின்வாசலில் வந்து நின்றாள். நீலத்தைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"இன்னா, திடீர்னு எம்மேல இம்மாம் பாசம்?"

இடது பக்கத்தில் இன்னொரு கை அடித்தேன்.

மறுநாள் மதியம் கடலிலிருந்து வந்ததும் சைக்கிளைத்தான் பார்த்தேன். இடது பக்கம், அதே இடத்தில், ஒரு சாண் நீளத்துக்கு நீலம் வழித்தெடுத்தாற்போல் போயிருந்தது.

எங்கேயோ ஒட்டியிருக்கிறது. சோற்றைக்கூடத் தொடாமல் காட்டூருக்கு பஸ் ஏறினேன்.

தருமலிங்கத்தின் சைக்கிள் வாசலிலேயே நின்றது. மட்கார்டிலிருந்து கேரியர் வரை தடவிப் பார்த்தேன். பொட்டு நீலம் இல்லை. வெளியே வந்தவனின் வேட்டியிலும் இல்லை.

"யாருங்க நீங்க? வெயில்ல வந்துக்கிறீங்க, மோர் குடிக்கிறீங்களா?"

அந்த மரியாதையே எனக்கு ஆத்திரமாக வந்தது. திரும்பி நடந்தேன்.

வரும் வழியில் கல்லறை மதிலையும் ஒரு சுற்று சுற்றினேன். வாசல் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடு என்னைப் பார்த்துப் பல்லிளித்தது. அங்கேயும் இல்லை.

வீட்டுக்குப் போனதும் எண்ணெய் டின் கண்ணில் பட்டது. அதை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வரலாம் என்று படகடிக்குப் போனேன். ஏரியில் வலை போட எங்கள் முறை வர இன்னும் பத்து நாள் இருக்கிறது. அதுவரை நான் கூட்டாளி நீலமேகத்தின் படகில் கடலுக்குப் போகிறேன். என் படகு முகத்துவாரத்து மணலில் சும்மா கிடக்கிறது.

கவிழ்ந்த படகின் பெயிண்ட் அடிக்காத பக்கவாட்டில், ஒரு சாண் நீளத்துக்கு நீலம்.

பக்கத்தில் மணல் குழிந்திருந்தது. ஒரு ஆள் வெகுநேரம் உட்கார்ந்த குழி. வந்ததும் போனதுமாக ஒரே ஒரு ஜோடிக் காலடி, கூடவே சைக்கிள் தடம்.

நானும் அந்தக் குழியில் உட்கார்ந்து பார்த்தேன். கடல் ஏரிக்குள் நுழையும் வாய் நேரெதிரே தெரிந்தது. திரும்பி வருகிற எந்தப் படகும் அங்கிருந்து பார்க்கிற கண்ணுக்குத் தப்ப முடியாது.

என் நைனா அந்த வாயில்தான் கவிழ்ந்துபோனார். அன்றைக்கு அம்மா கரையில் நின்று அவருக்காக வழி பார்த்துக்கொண்டிருந்தாள். அதனால் கல்யாணமான மறுவாரமே தேவகியிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். நான் கடலுக்குப் போனால் அவள் கரைக்கு வந்து நிற்கக் கூடாது. அது என் உயிருக்கு ஆகாது.

அவள் நிற்கவில்லை. ஊர் கண்ணிலும் என் கண்ணிலும் படாமல் படகுக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறாள். நீலமேகத்தின் படகில் என் தலை தெரிந்த பிறகு, எனக்கு முன்னால் வீடு சேர சைக்கிளை மிதித்திருக்கிறாள்.

எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாளும் நான் பொறாமைப்பட்டது என்மேலேயே.

வீட்டுக்கு ஓடி பிரஷையும் மிச்ச பெயிண்டையும் எடுத்துவந்தேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் வருவதை நிறுத்திவிடுவாள்.

அந்தக் குறி மறையும்படி படகின் பக்கம் முழுக்க நீலம் அடித்தேன்.

இந்தத் தடவை எண்ணெய் கலக்கவில்லை.