தொழுவத்துக்குப் போன பண்டூரா

உக்ரைனில் ஒரு பண்ணையார் வீட்டில் பண்டூரா என்ற தந்தி வாத்தியம் இருந்தது. சாமி பாட்டென்றால் கணீரென்று பாடும். ஒரு நாள் விருந்தில் பண்ணையார் தன் புகழைப் பாடச் சொன்னதும் தந்திகளைத் தளர்த்திக்கொண்டு சும்மா கிடந்தது.

"ஒரு வரி பாடினா தேய்ஞ்சா போயிடுவே? என்னைப் பாரு, குரைச்சா எலும்பு வருது," என்று பண்ணையார் வீட்டு நாய் சிரித்தது.

"அந்தப் பாட்டு எனக்கு வாயில வராது, அண்ணே."

பண்ணையார் அதைத் தொழுவத்தில் வீசினார். அங்கே பண்டூரா தந்திகளை முறுக்கிக்கொண்டு, தன் இஷ்டத்துக்குச் சாமியைப் பாடியது. உழுது களைத்த மாடுகள் அசைபோடுவதை நிறுத்திக் கேட்டன.

ஒரு மத்தியானம் எலும்போடு அந்தப் பக்கம் வந்த நாய், பாட்டைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டது. வாயிலிருந்து எலும்பு நழுவியதுகூட அதற்குத் தெரியவில்லை.

அன்று விருந்தில் நாய் சிரித்ததைப் பண்டூரா மறக்கவில்லை.

"எலும்பை எடுத்துக்குங்க, அண்ணே. எறும்பு ஏறுது," என்று சொல்லிவிட்டு, அடுத்த பாட்டை எடுத்தது.