கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

“சார், கண்ணாடியைப் பார்த்துப் பேசாதீங்க. என்னைப் பார்த்துச் சொல்லுங்க.”

வாடிக்கையாளர்களின் கருத்தைக் கேட்கும் கலந்துரையாடலை நடத்திய இளம்பெண் மறுபடியும் கெஞ்சினாள். மேஜையைச் சுற்றி இருந்த எல்லோரும் தனியாக வசிப்பவர்கள். நடுவில், புதிதாக வரப்போகும் ‘ஒரு ஆள் சூப்’ பாக்கெட்டுகள். சுவரை அடைத்த கண்ணாடிக்குப் பின்னால் சூப் கம்பெனிக்காரர்களும் அவளுடைய மேனேஜரும் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து பார்த்தால் இந்த அறை தெரியும். இங்கிருந்து பார்த்தால் நம் முகம்தான் தெரியும்.

இன்று ஒழுங்காக நடத்தினால் அவளுக்கு வேலை நிரந்தரம்.

“சரிம்மா,” என்ற பெரியவர் மீண்டும் கண்ணாடிப் பக்கமே திரும்பினார்.

“இதை வாங்குவீங்களா?”

“மாட்டேன். ரெண்டு பேருக்கு இருந்தா வாங்குவேன்.”

“நீங்க தனியாத்தானே இருக்கீங்க?”

“ஆமா. அதுக்காக, உன் வீட்டுக்கு யாருமே வர மாட்டாங்கன்னு அட்டையிலேயே அச்சடிச்சா எப்படி?”

“அப்படிப் போடுங்க அண்ணே!” என்று எதிரே இருந்த அம்மாள் சிரித்தாள்.

இளம்பெண்ணின் காதில் மாட்டியிருந்த கருவியில் மேனேஜர் சீறினார். “அந்த ஆளை வெளியே அனுப்பு! மொத்தத்தையும் கெடுக்கறாரு. கிளையண்ட் என் பக்கத்துல இருக்காங்க.”

பெரியவர் நிறுத்தவில்லை. “லீவு நாள்ல ரெண்டு தட்டு எடுத்து வைப்பேன். ஒண்ணு அப்படியே திரும்ப அலமாரிக்குப் போயிடும்.”

“காது கேக்கலையா? அனுப்பலேன்னா நாளையிலேருந்து நீ வராதே!”

அவள் பெரியவரைப் பார்த்தாள். பேச இடம் கிடைத்த நிம்மதி அந்த முகத்தில். ‘கடவுளே, நீ பார்த்துக்கோ’ என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு, கருவியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“நிதானமாச் சொல்லுங்க சார்.”

அவர் சொன்னார். காய்ச்சல் வந்தால் டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்வதைச் சொன்னார். அம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் கதையைத் தொடங்கினாள். கடைசியில் எல்லோரும் ஒரே குரலில் கேட்டது, ரெண்டு பேர் பாக்கெட்!

கூட்டம் முடிந்ததும் சூப் கம்பெனித் தலைவி வெளியே வந்தார். “பிரமாதம்! இனிமே எங்க ஆய்வு எல்லாத்தையும் நீங்கதான் நடத்தணும்.”

மேனேஜர் மட்டும் வெளியே வரவே இல்லை.

இளம்பெண் வாசல்வரை வந்து பெரியவரை வழியனுப்பினாள். “உங்களாலதான் சார் என் வேலை தப்பிச்சது. ஆனா எங்க மேனேஜருக்கு உங்க மேல ஏன் அவ்வளவு கோபம்னுதான் புரியல.”

“கோபம் இல்லம்மா, கூச்சம்.” பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டார். “போன் பண்ணினா ‘மீட்டிங்ல இருக்கேன்பா’ன்னு வச்சிடறான். வாடிக்கையாளரா வந்து பேசினா, என் மகன் கடைசிவரைக்கும் உட்கார்ந்து கேட்டுத்தானே ஆகணும்?”