ஏழு அணி கண்ட நாரை

நாரை ஒன்று பத்து வருஷமாகப் பேஸ்பால் ஆடி வந்தது. மைதானத்தின் கடைக்கோடியில் நின்று, உயரப் பறந்து வரும் பந்தை அலகால் கவ்விப் பிடிப்பதுதான் அதன் வேலை. நரிகள் அணி அதை முயல்களிடம் தள்ளிவிட்டது. முயல்கள் கீரிகளிடம் தள்ளின. இப்படியே தள்ளித் தள்ளி ஏழாவதாக எருமைகள் அணிக்கு வந்து சேர்ந்திருந்தது.

"ஏழு அணி என்னைக் கேட்டு வாங்கியிருக்கு, தெரியுமா?" என்று புல்லில் இருந்த தவளையிடம் பீற்றிக்கொண்டது.

"அப்போ ஆறு அணி ஏன் அண்ணே உங்களை வேண்டாம்னுச்சு?" என்றது தவளை.

"எல்லாம் வயித்தெரிச்சல்."

சொல்லி வாய் மூடுவதற்குள் பந்து வந்தது. கூட்டம் பார்க்கிறதே என்று நாரை கழுத்தை அழகாக வளைத்து ஒற்றைக் காலில் நின்றது. பந்து அலகில் பட்டுத் தெறித்து வேலிப் பக்கம் ஓடியது. எருமைகள் தோற்றன.

ஆட்டம் முடிந்ததும் எருமைத் தலைவர் வந்தார். "நாளைக்கு நீ ஆமைகள் அணிக்குப் போயிடு. பேசி முடிச்சாச்சு."

நாரை கழுத்தைத் தொங்கப் போட்டது. ஆனாலும் தவளை கேட்டுக்கொண்டிருந்ததால், "எனக்குப் பதிலா யாரைத் தர்றாங்க?" என்று நிமிர்ந்து கேட்டது.

"புல்லுக்குத் தண்ணி ஊத்த ஒரு பூவாளி."

தவளை பக்கம் திரும்பாமலே நாரை மெல்லக் கேட்டது: "புதுசுதானே?"