ஒரே ஒரு பொத்தான்

எந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது என்று யானைத் தலைவருக்குத் தினமும் ஒப்பித்தே சிலந்திக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் ஒரு பலகை செய்து, ஒரே ஒரு பொத்தான் வைத்தது. அழுத்தினால் போதும், தண்ணீர் உள்ள குளம் பச்சையாகத் தெரியும், வற்றியது சிவப்பாகத் தெரியும்.

யானை அழுத்தியது. ஐந்தில் நான்கு சிவப்பு.

“சுலபமாத்தான் இருக்கு. ஆனா சிவப்பு கண்ணை உறுத்துதே. எல்லாத்தையும் பச்சையாக்கிடு.”

“ஐயா, தண்ணி...”

“தண்ணியை நான் பாத்துக்கறேன். நீ கலரை மாத்து.”

சிலந்தி மாற்றியது. யானை மறுபடி அழுத்திப் பார்த்துப் பூரித்துப்போய், பக்கத்திலிருந்த பச்சைக் குளத்துக்குக் குட்டிகளையெல்லாம் தண்ணீர் குடிக்கக் கூட்டிப் போனது.

உடம்பெல்லாம் புழுதியோடு திரும்பி வந்து சொன்னது:

“பலகை சரியாத்தான் காட்டுது. விளக்கம் கேட்டு அந்தக் குளத்துக்கு ஒரு மெமோ அனுப்பு.”