ஏணைக் கயிறு

மகன் பிறந்ததிலிருந்து துஷாந்திக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு. தொட்டிலை நின்றும் ஆட்ட முடியாது, குனிந்தும் ஆட்ட முடியாது. அதனால் விட்டத்தில் தொங்கிய சேலை ஏணையில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கால் பெருவிரலில் முடிந்துகொண்டு பாயில் மல்லாந்து கிடப்பாள். கால் அசைந்தால் பிள்ளை தூங்கிவிடும்.

அன்று பின்னேரம் அம்பிட்டிய மலையிலிருந்து இறங்கிய பனிப்புகார் யன்னலால் உள்ளே வந்துகொண்டிருந்தது. அவளுக்குக் கண் செருகியது. கால் தன் பாட்டில் ஆடியது.

குசினியிலிருந்து கணவன் றமணன் மகனைத் தோளில் போட்டபடி வந்தான்.

"என்னப்பா, வெறும் ஏணையை ஆட்டுறீர்? கூடாதெண்டு கொம்மா எத்தினை தரம் சொன்னவ. இவன் எப்பவோ எழும்பீட்டான்."

ஏணைக்குள் மடித்த துவாய் மட்டுமே கிடந்தது.

துஷாந்தி காலை நிறுத்தினாள். கயிறு நிற்கவில்லை. இறுகியது, தளர்ந்தது, மறுபடியும் இறுகியது. ஒவ்வோர் இழுப்புக்கும் அவளுடைய உடம்பு பாயில் மெல்ல அசைந்தது. மாதக்கணக்காக நாரியைக் கவ்விக்கொண்டிருந்த வலி கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் போனது.

றமணன் பதறிப்போய் முடிச்சை அவிழ்க்கக் குனிந்தான்.

"விடுங்கோப்பா," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "இப்பதான் நித்திரை வருது. ஆட்டட்டும்."